பெட்டி பெட்டியாக வந்த குறிப்பு

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் சில வாரங்களாக நான் புளியங்கூடலில் பஸ் ஏறி யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய்வந்தது பெட்டி பார்க்கத்தான். பெட்டி என்றால், கணினித் திரையில் தமிழ் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக நிற்கும் வெறும் சதுரங்கள்.

அக்காவுக்கு எட்டில் செவ்வாய். வந்த சம்பந்தமெல்லாம் சாத்திரியார் வீட்டுப் படலை வாசலோடு திரும்பிப் போயின. அந்த விஷயத்தில் எங்களைப் பெற்ற ஐயா யாருக்கும் மசியமாட்டார். கடைசியாக ஜேர்மனியில் இருந்த சுருவில் ஊர் மாப்பிள்ளை ஒருவர் கேட்டு வந்தார். அவர் கணினி வேலை செய்பவர். தபாலில் அனுப்பினால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, தன் சாதகக் குறிப்பைத் தமிழில் தட்டி, கட்டமெல்லாம் போட்டு, இணையத்தில் ஏற்றி முகவரியை அனுப்பினார். இதுவும் தப்பினால் இனி ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மா அக்காவுக்குக் கேட்கவே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டினத்து இணையக் கடையில் திறந்து பார்த்தால், சாதகத்தின் பன்னிரண்டு வீடுகளிலும் கிரகங்களைக் காணவில்லை. சின்னச் சின்னப் பெட்டிகள்தான் குடியிருந்தன.

"எழுத்தெல்லாம் வந்து சேர்ந்திட்டுது தங்கச்சி," என்றார் கடைக்காரர். "அதைக் காட்டுறதுக்கு இந்தக் கொம்பியூட்டரில தமிழ் எழுத்துரு இல்லை. தெரியாத எழுத்தெண்டால் உது பெட்டிதான் போடும். அதின்ர சீடி கொழும்பில இருந்து வரோணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்காத கதைதான்.

அன்று பின்னேரமே மாப்பிள்ளை ஜேர்மனியிலிருந்து போன் எடுத்தார். அக்காதான் கதைத்தாள். அவருடைய திரையில் எல்லாம் முத்துமுத்தாகத் தெரிகிறதாம். வேறு எழுத்துருவில் மாற்றி ஏற்றினார். நான் போய்ப் பார்த்தேன். இந்த முறை இங்கிலீசு எழுத்தும் கேள்விக்குறியும் கலந்து ஓடின. மறுபடி போன். மறுபடி மாற்றம். மறுபடி பெட்டி. போனிலேயே நட்சத்திரத்தைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒருமுறை வாயால் சொன்ன நட்சத்திரத்தை நம்பி ஏமாந்த ஐயா, எழுத்தில் வராததை ஏற்கமாட்டார். தபாலில் அனுப்பச் சொல்லலாமே என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"அவர் பாவமடி. அடுத்த முறை கட்டாயம் தெரியுமாம்," என்றாள் அக்கா.

பிறகுதான் கவனித்தேன், அவர்களுடைய கதையில் எழுத்துரு முதல் இரண்டு நிமிடம்தான் வந்தது. அதற்குப் பிறகு அங்கே விழும் பனி, இவளுடைய இருமல், அவர் கருக்கிய பருப்பு. குசினிக்குள் அடுப்படியில் அக்கா தனியே சிரிப்பதைக் கேட்க எனக்குச் சந்தோசமாகவும் பயமாகவும் இருந்தது.

சீடி வந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்ன அன்று அக்காவும் என்னோடு வந்தாள். பக்கம் திறந்தது. குரு, சனி, ராகு என்று ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வீட்டில் அழகாக இருந்தார்கள்.

"இப்ப வடிவாத் தெரியுதோ?" என்றார் கடைக்காரர், பெருமையோடு.

எத்தனையோ குறிப்புகளைப் பார்த்துப் பழகிய அக்காவுக்குச் சாத்திரியார் தேவைப்படவில்லை. செவ்வாய் பதினொன்றில். குற்றமே இல்லாத சுத்தமான சாதகம். எங்களுக்கு அதுதான் குற்றம்.

"பிரிண்ட் எடுக்கவோ?"

"வேண்டாம் அண்ணை," என்றாள். திரும்பும் வழி முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் இருந்து பொய் ஒன்றைத் தயார்செய்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே ஐயா கேட்டார், "இண்டைக்காவது தெரிஞ்சுதோ?"

"இல்லை ஐயா. பெட்டிதான்," என்றேன்.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தெரிஞ்சது ஐயா. அவருக்குச் செவ்வாய் இல்லை. பொருந்தாது. நான் அவரைத்தான் கட்டுவன்."

ஐயாவின் முன்னால் அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மா குசினி வாசலுக்கு வந்தார். ஐயா கதிரையில் இருந்தபடி அக்காவை நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"உனக்கு எட்டில செவ்வாய் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

"முதல் நாளே சொன்னனான்."

"என்ன சொன்னவர்?"

"அது தன்ர கொம்பியூட்டரில தெரியேல்லையாம்."