சவுக்குத் தோப்பு வழியைப் படமெடுத்த காதர் பாய்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஏற்றுமதிக்கான பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் காதர் பாயின் மகள்.

"அத்தா மவுத்தாயிட்டாங்க. ஜும்மா தொழுகை முடிஞ்சதும் அடக்கமுங்க. உங்களுக்கு மொதல்ல சொல்லோணும்னு அம்மா சொன்னாங்க."

எனக்கு ஏன் முதலில் என்று கேட்கவில்லை. போனேன். ஆனால் அடக்கம் நடந்த கபர்ஸ்தானுக்குள் போகவில்லை. வாசலுக்கு எதிரே நிறுத்தியிருந்த மாட்டுவண்டி ஓரமாக நின்றுகொண்டேன். இந்தப் பத்திரிகையை நடத்தும் நண்பர் அங்கே என்னைப் பார்த்துவிட்டு, "பாய் கூட அத்தன வருசம் வேல செஞ்சவரு நீங்க. நீங்கதான் அவரப் பத்தி எழுதோணும்" என்றார். மறுத்துச் சொல்லக் காரணம் இருந்தது. அதைச் சொல்லும் தைரியம் இல்லாததால் சரி என்றேன். அந்தக் காரணத்தைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

திருப்பூரில் காதர் பாயைத் தெரியாதவர்கள் குறைவு. உங்களில் பலருடைய கல்யாணப் படமும், பள்ளிக்கூடக் குரூப் போட்டோவும் அவர் எடுத்தவை. பனியன் அட்டைப்பெட்டிகளின் மேல் சிரிக்கும் முகங்களில் பாதி அவருடைய ஸ்டுடியோவில் சிரித்தவை. ஆனால் அவர் செய்தவற்றிலேயே பெரிய வேலை நம் ஊரில் நடந்ததல்ல. சென்னைக்குத் தெற்கே, கடலோரத்தில் நடந்தது. இன்று பெரிய வீடுகளும் இரும்புக் கேட்டுகளுமாக இருக்கும் கடலரசி நகர், அப்போது புதுச்சாவடிக் குப்பம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கம்பெனி அப்போதுதான் வெளிநாட்டுக்கு டி-சர்ட் அனுப்பத் தொடங்கியிருந்தது. நான் மேனேஜர். வாடிக்கையாளர் ஒருவர், துணிகளைக் கடற்கரையில் வைத்துப் படமெடுத்துப் புத்தகமாக அனுப்பச் சொன்னார். நானும் பாயும் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய டி-சர்ட்டுகளோடு ரயிலேறினோம். துணிகளைப் போட்டு நிற்கச் சென்னையில் பேசி வைத்திருந்த கல்லூரிப் பையன்கள் இருவரும் வெயிலுக்குப் பயந்து பாதியில் கிளம்பிவிட்டார்கள். பாய் கொஞ்சமும் கலங்கவில்லை. சவுக்குத் தோப்பின் நடுவே போன மணல் வழியில் வலையைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்த நான்கு மீனவர்களை நிறுத்தினார்.

"ஏனுங்க, இந்தச் சட்டையப் போட்டுட்டு ஒருக்கா அப்புடியே நடந்து வர்றீங்களா?"

அவர்களில் மூத்தவர் துலுக்காணம். மஞ்சள் டி-சர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத போட்டா மீனு வருமா பாயி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு எடுத்த படம் வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை. பாய் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அன்று மதியம் துலுக்காணத்தின் மனைவி எங்களுக்குச் சோறும் மீன் குழம்பும் போட்டார். பாய் விரலை நக்கிக்கொண்டே ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். "பேரு எழுதாத போட்டோ அனாதைங்க" என்பார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை போனோம். கம்பெனிக்கு வேண்டியதை எடுத்து முடித்ததும் பாய் தோப்புக்குள் போய்விடுவார். காயும் வலைகள், மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் மொள்ளும் பெண்கள், கட்டுமரம், அந்த வழி. அந்த வழியை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்று எடுப்பார். போன தடவை எடுத்த படங்களைக் குப்பத்தில் வீடு வீடாகக் கொடுப்பார். "எத்தன தடவதாங்க இதையே எடுப்பீங்க?" என்று அலுத்துக்கொண்டேன். "மரம் வளருதுங்க, மனுசன் வளர்றான். வழி மட்டும் அப்புடியே இருக்குது. அதான் பாக்கோணும்" என்றார். பிலிம் கம்பெனிச் செலவு என்பதால் நெகட்டிவ் எல்லாம் எங்கள் அலுவலகப் பீரோவில் இருந்தன.

எண்பதுகளின் முடிவில் அந்த இடம் மாறியது. முதலில் மணல்மேட்டில் மனை அளந்து வெள்ளைக்கல் நட்டார்கள். பிறகு மேட்டையே சமப்படுத்தினார்கள். டாக்டர்கள் வந்தார்கள், வக்கீல்கள் வந்தார்கள், பின்னாலேயே பனியன்காரர்களாகிய நாங்களும் போனோம். எங்கள் முதலாளி, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைத் தங்கவைக்க ஒரு பங்களா கட்டினார். கம்பெனியில் பங்குதாரராகியிருந்த நான் பக்கத்திலேயே ஒரு வீடு கட்டினேன். கடலைப் பார்க்கவென்று பெரிய பெரிய ஜன்னல் வைத்தோம். ஏசி போட்டதும் அதை மூடிவிட்டோம். உப்புக்காற்றில் கிரில் ஒரு வருடத்தில் துருப்பிடித்தது. வாரத்தில் ஐந்து நாள் வீடுகள் பூட்டியே கிடக்கும். காவல்காரரும் நாயும்தான் குடியிருப்பவர்கள். நுழைவாயிலில் வளைவு கட்டி, கடலரசி நகர் என்று எழுதினோம். ஒரு நாள் பேருந்து நிறுத்தப் பலகையிலும் குப்பத்தின் பெயர் அழிந்து எங்கள் பெயர் வந்தது. அதற்கு மனு எழுதியவன் நான். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் நானே.

சங்கக் கூட்டங்களில் எப்போதும் ஒரே புகார்தான்: கருவாட்டு நாற்றம். அதை ஒருமுறை பாயிடம் சொன்னேன். அவர் நிதானமாக, "நொய்யலாத்துல நாம உடற சாயத்தண்ணி நாத்தத்துக்கு இது அத்தருங்க" என்றார்.

சங்கத்துக்கு ஒரு மலர் போட்டோம். நகரின் வரலாறு என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். 'யாருமற்ற மணல்வெளியாகக் கிடந்த இடம்' என்று அது தொடங்கும். அட்டைப் படம் பாய் எடுத்துக் கொடுத்தது. மலரின் அச்சுப்படியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க மேனேஜர், ஆருமே இல்லாத எடத்துல எனக்கு மீன் கொழம்பு ஊத்துனது ஆருங்க?"

நான் சிரித்துச் சமாளித்தேன். வரியை மாற்றவில்லை. அப்படியே அச்சானது.

அடுத்து சுவர் வந்தது. தோப்பை வெட்டிய இடத்தில் பூங்கா அமைத்து, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினோம். மணல் வழி சுவருக்குள் போய்விட்டது. நகருக்குப் பின்னால் மிஞ்சிய குப்பத்துக்காரர்கள் கடலுக்குப் போக நகரையே சுற்ற வேண்டியதாயிற்று. மீன் கூடையைச் சுமந்த பெண்கள் உச்சி வெயிலில் தார்ச் சாலையில் நடந்தார்கள். குப்பம் மனுக் கொடுத்தது. விசாரணைக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி, அங்கே வழி இருந்ததற்கு ஏதாவது அத்தாட்சி காட்டச் சொன்னார். பாய் கொடுத்த படங்கள் அவர்களிடம் இல்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் வெள்ளம் குப்பத்துக்குள் வந்தபோது எல்லாம் போய்விட்டன. துலுக்காணம் பாய்க்குக் கடிதம் போட்டார். பாய் கடிதத்தோடு என் அறைக்கு வந்தார்.

"அந்த வழியோட நெகட்டிவ் வேணுமுங்க. பிரிண்டு போட்டுட்டு அன்னைக்கே திருப்பிக் குடுத்தர்றேன்."

பீரோ என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"அதெல்லாம் மழைத்தண்ணி எறங்கி ஒட்டிப் போச்சுங்க பாய். தூக்கி எறிஞ்சிட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பீரோவைப் பார்த்தார். "அப்புடீங்களா" என்றார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திறந்து காட்டச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். கோபம் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் அந்த வசதியைக் கூட எனக்குத் தரவில்லை.

விசாரணை எங்கள் சங்கக் கட்டடத்தில் நடந்தது. பாய் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு முந்தின நாளே பஸ் ஏறி வந்திருந்தார். குப்பத்து ஆட்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், தன் முறை வந்ததும் எழுந்தார்.

"நான் படம் எடுக்கறவனுங்க. இந்தச் செவுரு நிக்கிற எடத்துல நின்னு பத்து வருசம் எடுத்தனுங்க. வழி இருந்துச்சு. இவுங்க அதுல நடந்தாங்க." தொடர்ந்து, எந்தப் படத்தில் யார் யார் நடந்து வந்தார்கள் என்று நோட்டுப் புத்தகம் இல்லாமலே சொல்லிக்கொண்டு போனார். அவர் சொன்ன பெயர்களில் இறந்துபோனவர்களும் இருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"படங்கள் எங்கே?" என்றார் அதிகாரி.

"கம்பெனில இருந்துச்சுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்படி எந்தப் படமும் எங்களிடம் இல்லை" என்றேன். என் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

அந்த இடத்தில் பாய் என்னைப் பொய்யன் என்று சொல்லியிருக்கலாம். "வீணாப் போச்சுன்னு எங்கிட்ட சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிட்டனுங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

மனு தள்ளுபடியானது. சுவர் அப்படியே இருந்தது. குப்பத்தில் பாதிப்பேர் இரண்டொரு ஆண்டில் வேறு இடம் பார்த்துப் போனார்கள். திருப்பூரில் பாய்க்குக் கம்பெனி வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. கொடுக்காதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. எங்கள் முதலாளி வேறொருவரை அமர்த்தியபோது, புது ஆளுக்கு வழிகாட்ட அந்தக் கடற்கரைக்கு நானே கூடப் போனேன். பாய் பாஸ்போர்ட் போட்டோவும் பள்ளிக்கூடப் படமும் எடுத்துக் காலம் தள்ளினார்.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எனக்கு அவசரமாகப் பாஸ்போர்ட் படம் தேவைப்பட்டது. அன்று திறந்திருந்தது பாயின் ஸ்டுடியோ மட்டும்தான். "வாங்க, வாங்க" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்தார். பிள்ளைகள் சுகமா என்று விசாரித்தார். விளக்கைப் போட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போனார்.

"நேராப் பாருங்க."

பார்த்தேன்.

"தலயக் குனியறீங்க. நேராப் பாருங்க."

மூன்றாவது முறையும் சொல்ல வேண்டியிருந்தது. அதில் குத்தல் எதுவும் இல்லை. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார். அன்றாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் இன்னொருவர் வந்து நின்றார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்த மறுவாரம் பீரோவைத் திறந்தேன். நெகட்டிவ்கள் உறைகளில் பத்திரமாக இருந்தன; ஒவ்வோர் உறை மேலும் பாயின் கையெழுத்து. அத்தனையையும் எடுத்துக்கொண்டு புதுச்சாவடிக் குப்பத்துக்குப் போனேன். துலுக்காணம் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பாய் போய்விட்டதைச் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தார். பிறகு உறைகளை அவர் முன் வைத்து, நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார் அவர்.

"பாய் சொன்னாரா?"

"அன்னிக்கே சொன்னாரு. பசங்க உன்ன அடிக்கணும்னு நின்னானுங்கோ. வாணாம்னுட்டாரு. மேனேஜரே ஒரு நாள் எடுத்துனு வருவாரு, அவர எனக்கு நல்லா தெரியும், கெட்டவரு இல்லன்னாரு." உறையைத் திறக்காமல் விரலால் தடவினார். "அப்புறமும் வருசா வருசம் வருவாரு சார். வந்ததும் மொத கேள்வி அதான். மேனேஜரு வந்தாரான்னு. போன தைக்கு வந்தப்போகூட கேட்டாரு. இல்ல பாயின்னேன்."

 அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

படங்களை வைத்து மறுபடி மனுக் கொடுப்பதாகக் குப்பத்து இளைஞர்கள் சொல்கிறார்கள். இந்த முறை நான் சாட்சி சொல்வேன். சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். இதெல்லாம் பாய்க்குத் தெரியப்போவதில்லை. இதை எழுதுவதால் நான் நல்லவனாகிவிடவும் போவதில்லை. அவரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிய நல்ல நினைவுகள் நிறைய இருக்கும். எனக்கு மிஞ்சியது, எந்த ஆண்டிலாவது நான் போயிருந்தால் ஆமென்று பதில் கிடைத்திருக்கக்கூடிய ஒரு கேள்வி. ஆண்டுதோறும் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய், அந்த மனிதர் எனக்காக அதைக் கேட்டிருக்கிறார்: "மேனேஜர் வந்தாருங்களா?"