மாமாவின் நல்ல கால்

என் மாமாவைப் போல அழகாக நொண்டக்கூடிய ஒரு மனிதரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவருடைய இரண்டு கால்களிலும் எந்தக் குறையும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. பலாபத்வலையில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். யட்டவத்தப் பக்கம் போய் மிளகும் கிராம்பும் வாங்கி வந்து மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். அந்த வருடம் நோன்பு மாதத்துக்குச் சற்று முன்னால் அலுவிகாரையில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு மிளகு மூட்டையைக் கூட "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லித்தான் நகர்த்தினார். வீட்டில் அவரைக் கேலி செய்தே எங்களுக்கு வாய் வலித்தது.

பெருநாள் நெருங்கும்போது, பேசி முடித்த பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் சாமான் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். அதை வாங்கத்தான் ஒரு பின்னேரம் மாமாவும் நானும் மூட்டை ஏற்றுகிற வான் வண்டியில் டவுனுக்குப் போனோம். எனக்கு எட்டு வயது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்கவும் அதிக நேரம் இல்லை. சூப்பர் மார்க்கெட்டின் வாகனத் தரிப்பிடத்தில் எள் போட இடமில்லை. வாசலை ஒட்டி ஒன்றே ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது. தரையில் மஞ்சள் கோடு போட்டு, நடுவில் சக்கர நாற்காலிப் படம் வரைந்திருந்தார்கள். மாமா அந்தப் படத்தின் மேலேயே வானை ஏற்றி நிறுத்தினார்.

காவலாளி விசிலை ஊதியபடி ஓடி வந்தார். அப்போதுதான் அந்த அற்புதம் நடந்தது. மாமா கதவைத் திறந்தார், வலது காலை மெதுவாகத் தரையில் வைத்தார், முகத்தைச் சுளித்தார், ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். விசில் அப்படியே நின்றுபோனது. காவலாளி தன் குடையை மாமாவின் தலைக்கு மேல் பிடித்து, "மெதுவா, மாத்தயா, மெதுவா" என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே வாசல்வரை கொண்டுபோய் விட்டார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அடடா, என்ன நடிப்பு! பெருமையில் எனக்குப் பசியே மறந்துவிட்டது.

உள்ளே போனதும் கேக் இருந்த பக்கம் ஓட்டமாக ஓடினார். திரும்பி வரும்போது இடது காலால் நொண்ட ஆரம்பித்தார். நான்தான் அவருடைய சட்டையை இழுத்து, "மாமா, மத்தக் கால்!" என்று காப்பாற்றினேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பெண்ணின் வாப்பா இறங்கினார். சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோயில் அவருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று பேச்சில் கேட்டிருந்தேன். அன்றுதான் நேரில் பார்த்தேன். இரண்டு ஊன்றுகோல்களுக்கு நடுவில், கழுத்தில் மாட்டிய பையோடு, எங்கள் படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கியபிறகு பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். காலுக்குப் பூசுகிற எண்ணெய்.

"மகன், கால்ல என்ன நடந்தது? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "டவுன்ல நீங்க நொண்டிக்கிட்டுப் போனத நானும் மகளும் ஆட்டோவுல இருந்து பாத்தோம். புள்ள அழுதுட்டா. பொறகு அவளே சொன்னா, கால் சரியில்லாட்டியும் எனக்குச் சம்மதம் வாப்பா, அதுக்காக யாரும் கலியாணத்த நிப்பாட்ட வேணாம்னு."

உம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யா அல்லாஹ்! எங்க தம்பிக்கு ஒரு கொறையும் இல்லங்க. தம்பி, எழும்பி நடந்து காட்டு!"

மாமா எழுந்து நடந்தார். ஹோலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அங்கிருந்து இங்கேயும். நடை ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது, முகம்தான் செத்துப்போயிருந்தது. வெட்கப்படுகிறார் என்று நினைத்து நான் உதவிக்குப் போனேன். "மாமா வாசல்ல தண்ணி ஓடுற கானைக் கூட ஒரே பாய்ச்சல்ல பாய்வாரு! அன்னைக்கு நொண்டினது சும்மா. செகியூரிட்டிய ஏமாத்தத்தான். எவ்வளவு நல்லா செஞ்சாரு தெரியுமா!"

யாரும் சிரிக்கவில்லை. உம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் என் வாப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ், கால் நல்லா இருக்கு. அது போதும்" என்றார் பெண்ணின் வாப்பா. பிறகு, யாரிடமோ வழி சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். "நாங்க வான் நின்ன அந்த எடம் காலியாகும்னுதான் பாத்துக்கிட்டு நின்னோம். ரோட்டுல எறங்கி மழைக்குள்ள நடந்தா எனக்குக் கோல் வழுக்கும். நோன்பு தொறக்கிற நேரமும் ஆகிட்டு. சரின்னு திரும்பிப் போயிட்டோம்."

அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லை. எண்ணெய்ப் போத்தலை எடுக்காமலேயே போய்விட்டார்.

"நோன்பு வாயோட பொய்யா?" என்று உம்மா தொடங்கியது, நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் கைக்கு வரும்வரை ஓயவில்லை. மறுநாள் பெண்ணே உம்மாவுக்குப் போன் எடுத்தார். "கால் சரியில்லாட்டியும் சம்மதம்னு சொன்னேன் மதினி. இப்ப கால் நல்லாத்தான் இருக்காம். அதனால கொஞ்சம் யோசிக்கணும்."

அவருக்கு வயது இருபத்திரண்டு. கலியாணம் பேசி முடித்து, ஊரெல்லாம் சொன்னபிறகு, குரலை உயர்த்தாமல் அப்படி ஒரு வார்த்தை! எத்தனையோ கெட்டிக்காரர்களை நான் பார்த்துவிட்டேன், அந்தப் பதிலுக்குக் கிட்ட வர ஒருவராலும் முடியவில்லை.

மாமா சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார். என் வாப்பா தான் போய்ப் பேசுவதாகச் சொன்னபோது, "நீங்க பேசினா நான் மறுபடி ஒளிஞ்சிக்கிட்ட மாதிரித்தான் மச்சான்" என்று சொல்லிவிட்டு, பெருநாளுக்கு முதல் நாள் வான் சாவியை எடுத்தார். என்னையும் ஏற்றிக்கொண்டார். இத்தனைக்கும் பிறகு என் வாயை நம்பி எப்படிக் கூட்டிப்போனார் என்று இன்றும் தெரியவில்லை.

அலுவிகாரை வீட்டின் வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். "அன்னைக்கு வாங்காமப் போன சாமான இன்னைக்கு வாங்கப் போவமா வாப்பா?" கதவுக்குப் பின்னால் நின்ற பெண் தன் வாப்பாவின் தொப்பியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

டவுனில் அந்த மஞ்சள் கட்டத்துக்குள் பளபளவென்று ஒரு ஜீப் நின்றது. வாசலிலாவது இறக்கிவிடலாம் என்று மாமா வேகத்தைக் குறைத்தார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே கொன்றான். கடைகளையெல்லாம் தாண்டி, தூரத்தில் ஓரிடத்தில்தான் வானை நிறுத்த முடிந்தது. அன்றும் தூறல். மாமா குடையைப் பெரியவருக்குப் பிடித்தபடி, அவர் கோலை ஊன்றும்போது நின்று, அவர் நகரும்போது நகர்ந்து, நனைந்துகொண்டே வந்தார். மிளகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற மனிதர், ஓர் எட்டு வைக்க அவ்வளவு நேரம் எடுப்பதை நான் பார்த்ததேயில்லை. மறுபடி நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இந்த முறை இன்னும் திறம்.

அதே காவலாளி ஓடி வந்தார். "அடடே மாத்தயா, கால் இன்னும் சுகமாகலையா?"

மாமா நின்றார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் அவர் சிங்களத்தில், அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். "என் காலுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கும் ஒன்றுமில்லை. நான் பொய்யாக நொண்டினேன். இவருடைய இடத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

காவலாளி மாமாவின் காலைப் பார்த்தார், பெரியவரின் கோலைப் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டு நேராக அந்த ஜீப்பை நோக்கிப் போனார்.

பெரியவர் ஒரு கோலை என்னிடம் நீட்டினார். "இதப் புடிங்க மகள்." காலியான கையை மாமாவின் தோளில் போட்டுக்கொண்டார். கடைக்குள் போய் உட்கார்ந்ததும் வீட்டுக்குப் போன் எடுத்தார். "மகள், யோசிச்சாச்சா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "சரி, அப்ப மாப்பிள்ளைக்கு என்ன கேக் புடிக்கும்னு நானே கேட்டுக்கிறேன்."

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீடு வரும்வரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. காவலாளி முழுசாக நம்பியிருந்தார். யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் உளறிக் கெடுத்துவிட்டாரே, இனிமேல் அந்த நல்ல இடத்தில் நாங்கள் எப்படி வானை நிறுத்துவது?