தாடை மெத்தையில் கூடிப்போன ஓர் அங்குலம்

செவ்வாய்க்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அருளப்பன் அண்ணனின் மகள் ரெஜினா பேசினாள்.

"அத்தை, அப்பா போயிட்டாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. வாயில் வந்த முதல் சொல், "துவக்காலயா?" என்பதுதான்.

"இல்ல அத்தை, நெஞ்சுவலி. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே..."

அந்தப் பிள்ளை அங்கே விம்ம, இங்கே எனக்கு மூச்சு சீராயிற்று. ஒரு சாவுச் செய்தியில் ஆறுதல் பட்டதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். துவக்காலயா என்று ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுத என்னால் முடியாது. மூன்று வருடமாக அவர் பெயரில் கிடக்கும் ஒரு பழியில் பாதி என்னுடையது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் இருபத்திரண்டு வருடம் வாச்சராக, காவல்காரராக, இருந்தார். தோட்டத்துக்குச் சொந்தமான ஒரே துவக்கு, ஒரு பழைய துப்பாக்கி, அவர் கையில்தான் இருந்தது. விடியற்காலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையேறும் முன்பு அவர் ஏறுவார். காட்டுப்பன்றி படுத்திருந்தால் விரட்டுவார், பாய வந்தால் சுடுவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் குடியிருந்ததால் அவர் எனக்கு அண்ணன் ஆனார். என் வீட்டுக்காரர் சூசை அவரை மச்சான் என்றே கூப்பிடுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் வீட்டு வாசலுக்கு வந்தாலும் துவக்கிலிருந்து போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் படி மிதிப்பார். போல்ட் என்பது குண்டை ஏற்றி, வெறுங்கூட்டை வெளியே தள்ளும் இரும்பு. அது இல்லாத துவக்கு வெடிக்காது. "குண்டு இல்லேன்னு நாக்கு சொல்லும் தங்கச்சி. நாக்க நம்பக்கூடாது" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன்பு, அவருக்குக் கண் மங்குகிறது என்று தோட்டத்தை நடத்தும் துரை அந்தத் துவக்கின் மேல் தூரக்கண்ணாடி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். கண்ணாடி உயரமாக நின்றது. கன்னத்தைத் துவக்கின் மரக்கட்டையில் பதித்தால் கண் அதற்கு எட்டவில்லை. கண்ணுக்கு எட்ட முகத்தைத் தூக்கினால் கன்னத்துக்குப் பிடிமானம் இல்லை. கட்டைமேல் பலகை வைத்து உயர்த்தலாம் என்றால், அதில் ஓர் ஆணித்துளைகூட விழக்கூடாது என்று துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய மரம், பிளந்துவிடும்.

லயத்தில் தையல் வேலை செய்கிறவள் நான்தான். அண்ணன் என்னிடம் வந்தார். "தாடை அந்தரத்துல நிக்குது தங்கச்சி. துளை போடாம மெத்தை மாதிரி ஒண்ணு தச்சுக் குடும்மா."

"துவக்குக்குப் போயி நான் தைக்கிறதா? எனக்குப் பயமா இருக்குண்ணே."

"தச்சுக் குடு புள்ள," என்றார் சூசை. "மச்சான் மலையில படுத்துத் தூங்கத்தான் கேக்கிறாரு."

"ஒங்க குறட்டைக்கு நான் வீட்டுலயே தூங்குறதில்ல சூசை" என்றார் அண்ணன்.

பழைய பஸ் சீட்டின் ரெக்சின், இரண்டு அடுக்கு ஸ்பொஞ்சு, வழுக்காமல் இருக்க உட்புறம் சைக்கிள் டியூப், அடியில் இழுத்துக் கட்டக் காலில் போடும் சப்பாத்தின் நாடா. துவக்கை மேசைமேல் கிடத்திக் கடதாசியில் அளவு எடுத்துக் கொப்பியில் எழுதினேன்: நீளம் ஏழரை அங்குலம். ஆறரை போதும். பாதியில் நின்றால் பார்க்க மொட்டையாக இருக்குமே என்று ஓர் அங்குலத்தை முன்னால் நீட்டினேன். போல்ட் பின்னால் வர இடம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் போல்ட்டோ அவர் சட்டைப்பையில் இருந்தது.

கன்னத்தை வைத்துப் பார்த்தார். "கண்ணு தானா போயி உக்காந்துருச்சும்மா" என்று சிரித்தார்.

மறுநாள் ஒன்பதாம் நம்பர் மலையில் பன்றி படுத்திருப்பதாகச் சொன்னார்கள். தூறல், நல்ல பனிமூட்டம். பெண்களைக் கீழேயே நிறுத்திவிட்டு அண்ணனோடு சூசையும் போனார். நான் அடுப்படியில் நின்றேன். ஒரு வெடி கேட்டது. ஒரே வெடியில் விழுந்தால் அண்ணன் விசில் ஊதுவார்; விழாவிட்டால் உடனே இரண்டாம் வெடி. அன்றைக்கு விசிலும் இல்லை, வெடியும் இல்லை. செபமாலை கையில் இருந்தது. மந்திரம் ஒன்றும் நினைவு வரவில்லை. பிறகு மலைப்பக்கமிருந்து பெண்கள் கத்தும் சத்தம் வந்தது.

கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் ஓர் ஆளைத் தூக்கி வந்தார்கள். சாக்கிலிருந்து இரத்தம் சொட்டியது. தூக்கி வந்தவர்களில் ஒருவர் தலை முதல் கால் வரை சேறு. அந்தச் சேற்று முகம் என் வீட்டுக்காரருடையது என்று தெரிய எனக்கு நேரம் எடுத்தது.

அடிபட்ட பன்றி சூசையை நோக்கிப் பாய்ந்திருக்கிறது. அண்ணன் இரண்டாம் குண்டை ஏற்றப் போல்ட்டை இழுத்தார். தூறலில் ஊறிய மெத்தையின் முன்விளிம்பு மேலெழும்பி நின்றது. போல்ட் அதில் இடித்துப் பாதி வழியில் நின்றுவிட்டது. "சூசை, கான்ல குதி!" என்று கத்திக்கொண்டே அவர் குறுக்கே ஓடித் துவக்குக் கட்டையால் அடித்திருக்கிறார். சூசை தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து தப்பினார். பன்றி அண்ணனின் தொடையைக் கிழித்துவிட்டுச் சரிவில் உருண்டது.

ஆபீசிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தபோது அண்ணன், "அளவு நான் குடுத்தது ஐயா" என்று மட்டும் சொன்னாராம். கண் தெரியாத வாச்சர் கவனமில்லாமல் இருந்தார் என்று தோட்டம் முழுக்கப் பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொப்பியோடு போனேன். "முன்னால ஓர் அங்குலம் கூட்டினது நான்தாண்ணே. அழகுக்காக."

கொப்பியை வாங்கி அந்த அளவை விரலால் தொட்டார். "காலையில போல்ட்ட செருகுறப்பவே ஒரசுச்சும்மா. பஞ்சுதானேன்னு வெரலால அமுக்கித் தள்ளிட்டேன். ஒனக்கு ஓர் அங்குலம், எனக்கு ஒரு வெரலு. அதையும் எழுதிக்க."

பிறகு, "வெட்டிச் சின்னதா தச்சுக் கொண்டா" என்றார்.

"மாட்டேன்" என்றேன். இனி என் ஊசி அந்தப் பக்கம் போகாது என்று அழுதேன்.

"நீ தைக்கலேன்னா தாடைய அந்தரத்துல வச்சுத்தான் சுடணும். குண்டு எங்க போகும்னு எனக்கே தெரியாது. மலையில நம்ம புள்ளைங்க நிக்குதுங்க தங்கச்சி."

தைத்தேன். இந்த முறை அளவு என் வீட்டில் எடுக்கவில்லை. அவர் நொண்டி நொண்டி முன்னால் நடக்க, ஆளில்லாத மண்மேட்டுக்கு நான் பின்னால் போனேன். அங்கேதான் போல்ட்டைப் பூட்டினார். "இழு" என்றார். இழுத்தேன். மெத்தையை நனைத்து இழுக்கச் சொன்னார். வேகமாக இழுக்கச் சொன்னார். இருபது தடவை இழுத்தேன். ஒரு தடவையும் உரசவில்லை. "இப்ப பயம் போச்சா?" என்றார். இல்லை என்றேன். "நல்லது. எனக்கும் போகல" என்றார்.

அந்த மெத்தையோடுதான் அவர் இந்த மூன்று வருடமும் மலையேறினார். ஒவ்வொரு வெடிக்கும் என் கை வேலையை விட்டு நின்றது. விசில் கேட்ட பிறகே மூச்சு வந்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை. ஒன்பதாம் நம்பர் மலையில் நடந்தது அவருடைய கவனக்குறைவு மட்டுமல்ல என்பதை ஊருக்கும் சொன்னதில்லை. சூசைக்கே நேற்றுத்தான், இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டிச் சொன்னேன். அவர் எழுந்து போய் அண்ணன் வீட்டுக் கதவருகே வெகுநேரம் நின்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை பெண்கள் கூடையோடு மலையடிவாரத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தியும் ஏறவில்லை. முன்னால் ஏற ஆள் இல்லை. துவக்கு ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. கடைசியில் சூசை தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாக ஏறினார். பனி அவருடைய முழங்காலை மூடியது, தோளை மூடியது, பிறகு அவரே கண்ணில் இல்லை. அந்தப் பெண்களோடு நானும் அசையாமல் நின்றேன். மேலேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

இனி நீங்கள் பயமில்லாத இடத்தில் இருங்கள் அண்ணே. நாங்கள் இங்கேதான் நிற்கிறோம், மேலே பார்த்துக்கொண்டு.