பரவளைவு முடியும் இடம்

அறுபதுகளில் கிளிநொச்சியில், நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்தேன். "பரவளைவு படிச்ச உமக்கு ஒரு பம்ப் பூட்டத் தெரியாதோ?" என்று எஞ்சினியர் குடியேற்றவாசிகள் முன்னால் சிரித்தது உள்ளே எரிந்துகொண்டே இருந்தது.

புதிய பம்பை இயக்கிக் காட்டும் நாள் வந்தது. குழாயிலிருந்து பீறிடும் தண்ணீர் பரவளைவாக வளைந்து விழும் இடத்தைக் கணக்கிட்டு, அங்கேயே அவருக்குக் கதிரை போடுவித்தேன். ஆசன ஒழுங்குப் பட்டியலில் முறைப்படி ஒப்பமும் வைத்தேன்.

காய்ச்சல் பிள்ளையோடு ஒரு பெண் வந்து நின்றாள். "நீங்க இருங்கோ அம்மா" என்று அவர் எழுந்துவிட்டார்.

நான் கத்தியிருக்கலாம். 'உமக்கெப்படித் தெரியும்?' என்று கேட்பார்களே என வாயை மூடிக்கொண்டேன். பம்ப் இயங்கியதும் தாயும் பிள்ளையும் தெப்பமாக நனைந்தார்கள்.

எஞ்சினியர் தன் கோட்டைக் கழற்றிப் பிள்ளையைப் போர்த்தினார். "ஐசே, என்ன நடந்தது?"

"காத்து, சேர்."

அன்று இலைகூட அசையவில்லை.

ஓய்வுபெற்ற பின்பும் அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போது அந்தக் கோட்டுக்காக.