நான்கடித் தொட்டியில் எல்லைத் தகராறு

சர்வேயருக்கு வயது ஐம்பத்தொன்று. அதில் இருபத்தாறு வருடம் அடுத்தவர் சண்டையில் கல் நட்டே கழிந்தது. கல் சரியான இடத்தில் நிற்கிறதா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி உண்டு: இரண்டு பக்கத்துக்காரர்களும் அவரை ஒரே அளவு திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவர் மட்டும் கைகுலுக்கினால் மறுபடி அளப்பார்.

அவர் வீட்டுக் கூடத்தில் டிவி இருந்த இடத்தில் இப்போது நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர், பாறை, நாலைந்து மீன், பதின்மூன்று பவளங்கள். மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்லை நினைக்க வேண்டாம். இவை உயிருள்ளவை. பூ மாதிரி விரிந்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இன்னொன்று வளர்ந்துவந்தால் கொட்டும், சுடும், குடலை வெளியே நீட்டி அப்படியே செரித்துவிடும். ஆபீசில் பார்க்கும் அதே கும்பல்தான், நனைந்திருக்கிறது, அவ்வளவே.

அதனால் தன் பழைய மனுதாரர்களின் பட்டப்பெயர்களையே அவற்றுக்கு வைத்திருந்தார். பச்சை நட்சத்திரங்களைக் கொத்தாகக் கட்டியது போலிருந்த ஒன்றின் பெயர் வாத்தியார். அசல் வாத்தியார் பகலெல்லாம் கும்பிடு போட்டுப் பேசி, இருட்டியதும் எல்லைக்கல்லை ஒரு முழம் தள்ளி வைப்பவர்.

பன்னிரண்டு பவளங்கள் சர்வேயருடையவை. பதின்மூன்றாவது மனைவியுடையது. அந்த அம்மா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஐந்து வருடத்துக்கு முன் முதுகில் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதம் கூடத்திலேயே படுத்திருந்தார். அப்போது கண்ணுக்கு நேரே இருந்தது அந்த மூளைப் பவளம்: உள்ளங்கை அகலம், பழுப்பும் பச்சையுமாக மடிப்பு மடிப்பாக. பார்க்க வந்த சொந்தக்காரர்களைவிட அது மேல் என்பார், அறிவுரை சொல்லவில்லையாம். தொட்டியில் வேறெது செத்தாலும் “எடுத்துப் போட்டுட்டுக் கை கழுவுங்க” என்று போய்விடுவார். இதை மட்டும் யாரும் தொடக்கூடாது.

ஒரு காலையில், வாத்தியாரைப் பார்த்தபடி இருந்த அதன் இடது ஓரம் வெளுத்திருந்தது. சதை போய் உள்ளேயிருந்த சுண்ணாம்பு எலும்பு தெரிந்தது.

“இந்த வீட்டுல இருந்ததே ஒரு மூளை. அதையும் உங்க வாத்தியார் சுட்டுட்டார்,” என்றார் மனைவி.

“வாத்தியார்தான்னு எப்படிச் சொல்றே? விசாரிக்கணும்.”

“நல்லா விசாரிங்க. அது செத்துச்சுன்னா உங்க பன்னெண்டு பேருக்கும் வேற வீடு பாத்துக்குங்க.”

சர்வேயர் முறைப்படி இறங்கினார். மாலை ஏழு மணிக்குத் தொட்டி விளக்கு அணைந்ததும், சிவப்பு டார்ச்சோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாத்தியாரின் நட்சத்திரங்களுக்கு நடுவிலிருந்து நூல் நூலாகக் கொட்டும் இழைகள் இறங்கின. தண்ணீர் ஓடினால் எதையும் அளக்க முடியாது என்று, தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்பை நிறுத்தினார். மிக நீளமான இழை ஒன்பது சென்டிமீட்டர். பாதுகாப்புக்கு ஆறு சேர்த்து, மூளையை வாத்தியாரிடமிருந்து பதினைந்து சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி வைத்தார். கிராஃப் தாளில் வரைபடம் போட்டு, வடக்கு எது என்று அம்புக்குறியும் இட்டுச் சுவரில் ஒட்டினார். மீன்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

ஒரு வாரத்தில் வெள்ளை இன்னும் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. மறுபடி பம்ப்பை நிறுத்தி அளந்தார். அதே ஒன்பது. மீன்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“சார், சில பவளம் தண்ணியிலேயே விஷம் கலந்து விடும். வடிகட்டியில கரி போட்டுப் பாருங்க.”

போட்டார். தண்ணீர் பளிங்கு மாதிரி ஆனது. வெள்ளை அதன் பாட்டுக்கு நடந்தது. மூன்றாவது வாரம் மூளையில் பாதிதான் மிச்சம்.

அன்று மாலையும் அவர் பம்ப்பை நிறுத்திவிட்டு ஸ்கேலோடு குனிந்திருந்தார். வகுப்பு முடிந்து வந்த மனைவி, கைப்பையைக் கழற்றாமலே பின்னால் வந்து நின்றார்.

“எதுக்கு அதை நிறுத்தறீங்க?”

“ஓடினா இழையெல்லாம் அலையுமே. எப்படி அளக்கறது?”

“நான் பக்கத்து சீட்ல உக்காந்து தினமும் என்ன கத்தறேன்? முன்னாடி போற வண்டிக்கு இடைவெளி விடுன்னு. அது எவ்வளவுன்னு, நின்ன வண்டியை வச்சா கணக்குப் போடுவாங்க?”

“இது வண்டி இல்லையே.”

“ஸ்விட்சைப் போடுங்க.”

போட்டார். இடது சுவரிலிருந்த பம்ப் உறுமியது. சுருண்டு தொங்கிய இழைகள், ஓடும் பஸ் ஜன்னலில் பறக்கும் தலைமுடி மாதிரி மொத்தமாக வலப்பக்கம் திரும்பி நீண்டன. ஒரு இழையின் நுனி மூளையின் உயிருள்ள ஓரத்தைத் தடவிவிட்டுப் போனது. பிறகு இன்னொன்று. சர்வேயர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

“சாட்சிக் கையெழுத்து வேணும்னா நான் போடறேன்,” என்றார் மனைவி.

மூளையை இன்னும் தள்ள இடமில்லை. அந்தப் பக்கம் மூன்று பேர் குடியிருந்தார்கள். வாத்தியாரைத்தான் தண்ணீர் போய்ச் சேரும் வலது கோடிக்கு மாற்ற வேண்டும். அங்கே அவர் கொட்டுவதென்றால் கண்ணாடியைத்தான் கொட்ட வேண்டும். ஆனால் வாத்தியாரைப் பாறையோடு பசை வைத்து, இனி எவனும் அசைக்க முடியாது என்று ஒட்டியவர் சர்வேயரேதான். அவர் நட்ட கல்லை மற்றவர்கள் பிடுங்கியதுண்டு. தானே பிடுங்கியதில்லை.

“உளி வச்சுத்தான் எடுக்கணும். வாத்தியார் தாங்குவாரான்னு தெரியல.”

“என்னோடது தாங்கலையே.”

சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை கையை விட்டார். முதல் அடியில் மீன்கள் காணாமல் போயின. மூன்றாவது அடியில் வாத்தியார் இரண்டு துண்டாகக் கையோடு வந்தார்.

“ஒருத்தரையே சமாளிக்க முடியல. இப்ப ரெண்டா?” என்றார் மனைவி. ஆனாலும் துண்டுகளைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டது அவர்தான்.

இரண்டு துண்டும் வலது கோடிக்குக் குடிபோயின. அதன்பிறகு மூன்று வாரம் வெள்ளை நகரவில்லை. போன பாதி போனதுதான். அதன்மேல் பாசி படர்ந்தது. மிச்சப் பாதி மட்டும் பழையபடி உப்பி விரியவும் இல்லை, சாகவும் இல்லை. இருபத்திரண்டாம் நாள் மாலை, மனைவி கடுகளவு இறால் துண்டை இடுக்கியால் அதன்மேல் வைத்தார். திருட வந்த ஆரஞ்சு மீனின் மூக்கில் ஒரு குத்து விட்டார். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மடிப்புக்குள்ளிருந்து குட்டை இழைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. வாய் திறந்தது.

சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தபடி பென்சிலுக்குக் கை நீட்டினார்.

“எழுத வேண்டாம். உள்ள போகுதான்னு மட்டும் பாருங்க.”

பார்த்தார். போனது.