இரண்டாம் முறை கூப்பிட்டவர்

எங்கள் வீட்டில் இரண்டாவதாக வருகிற எதற்கும் மரியாதை கிடையாது. ஒரே தேயிலையில் இரண்டாந்தரம் ஊற்றிய தேத்தண்ணியை அம்மா வாயிலும் வைக்கமாட்டார். கிளிவெட்டியிலிருந்து வருகிற மாமா, பெரும்போக நெல்லில் கண்ட லாபத்தை அடுத்து வந்த சிறுபோகத்தில் விட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட கதையை வரும்போதெல்லாம் சொல்லுவார். ஆனாலும் இந்த விஷயத்தில் எல்லாரிலும் கடும்போக்குக்காரர் பெரியம்மாவின் மகன்தான். பக்கத்து வீட்டில் இருந்த அந்த அண்ணாவுக்கு அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற வயது. பாடம் படித்தாரோ இல்லையோ, ஜப்பான் தொடர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. 'காட்டூன்' என்று சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். "காட்டூன் இல்லை, அனிமே" என்று திருத்துவார். முதலாம் பாகத்தைக் கலைஞன் செய்கிறான், இரண்டாம் பாகத்தைக் கடைக்காரன் செய்கிறான் என்பது அவருடைய தீர்ப்பு.

அந்த அண்ணா இப்போது கனடாவில். போன மாதம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். எங்கள் சின்ன வயதுத் தொடரின் முதலாம் பாகத்தை மகளோடு சேர்ந்து பார்த்து முடித்துவிட்டாராம். இரண்டாம் பாகத்தையும் காட்டலாமா, அது முதலாவதற்கு ஈடாகுமா, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தார். சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்த இரண்டாம் பாகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு ஒருதரம் கூசும்.

தொடரின் கதை ஒரு துறைமுக ஊரில் நடக்கிறது. மூடுபனியில் வழிதவறி வருகிற கப்பல்களுக்கு விளக்குக் காட்டுவது ஒரு பையனின் வேலை. அவனுக்கு ஒரு தங்கச்சி. வருகிற கப்பல்களில் சிலவற்றில் உயிருள்ள மனிதர்கள் இருப்பார்கள், சிலவற்றில் இருக்கமாட்டார்கள். எது எந்தக் கப்பல் என்பது விளக்கைத் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். இந்தியாவில் தமிழ்க் குரல் கொடுத்து டிஷ்ஷில் பின்னேரங்களில் போடுவார்கள். விளக்குப் பையன் 'ஆமாம்' என்று சொல்ல, நாங்கள் 'ஓம்' என்று அவனைத் திருத்திவிட்டுச் சிரிப்போம். ஆனால் அவனுக்குக் குரல் கொடுத்தவர் யாரோ, கணீரென்ற குரல்.

அப்பாவுக்கும் அப்படியொரு குரல் இருந்தது. உட்துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்து வருகிற இழுவைப் படகில் அவருக்கு வேலை. என்ஜின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தியே அந்தக் குரல் வளர்ந்திருக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் கேற்றடியில் நின்று, விளக்குப் பையனைப் போலவே, "கரையில் யார்? விளக்கு வருகிறது!" என்று சுத்தமான டிவித் தமிழில் முழங்குவார். திருகோணமலையில் ஆடுமாடுபோலத் தெருவில் திரிகிற மான்கள், ஒழுங்கையில் மேய்ந்தபடி காதை நிமிர்த்தும். நான் கேற்றைத் திறக்க ஓடுவேன்.

முதலாம் பாகத்தின் கடைசியில் விளக்குப் பையன் படகேறி மூடுபனிக்குள் போய்விடுகிறான். தங்கச்சி கரையில் நிற்கிறாள். அவ்வளவுதான் முடிவு. நான் அழுத அழுகையில் பெரியம்மா அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டார். அது முடிந்த கொஞ்ச நாளில் அப்பாவும் வெளிநாட்டுக் கப்பலொன்றில் என்ஜின் அறை வேலைக்குப் போனார். முதலில் போனில் அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. பிறகு வரவில்லை. "கடலில சிக்னல் இல்லை" என்றார் அம்மா. பெரியம்மாவும் அம்மாவும் குசினிக்குள் குசுகுசுவென்று கதைப்பார்கள். நான் உள்ளே போனால் இருவரும் வெங்காயம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள்.

மாதக்கணக்காகச் சிக்னல் இல்லாமல் இருந்த அப்பா கடைசியில் ஒருநாள் கொழும்பிலிருந்து வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார். மெலிந்து, தாடி வைத்து, திருகோணமலை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். வந்தது அப்பாவின் குரல் இல்லை. சீமெந்துத் தரையில் தகரத்தை இழுக்கிற சத்தம்.

"அப்பாக்குத் தொண்டையில புண். கனக்கக் கதைக்க ஏலாது" என்றார் அம்மா.

அதோடு விளக்கம் முடிந்தது. எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் சொல்லுவார்கள். மிச்சத்தைப் பிள்ளைகளே கட்டிக்கொள்ள வேண்டும். நானும் கட்டிக்கொண்டேன்.

அதற்குத் தோதாக, அதே மாதம்தான் இரண்டாம் பாகமும் தொடங்கியது. மூடுபனி விலகுகிறது, படகு வருகிறது, விளக்குப் பையன் கரையில் கால் வைக்கிறான். முகம் அவனுடையதுதான். ஆனால் கண்கள் முன்னையதை விடப் பெரிது, கடலும் பிளாஸ்டிக் விரித்ததுபோல மினுங்கியது. அவன் வாயைத் திறந்தான். வேறு யாரோ பேசினார்கள். அண்ணா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"இது அவனில்லை. குரல் குடுக்கிற ஆளை மாத்திப்போட்டாங்கள்."

இதில் முதல் வசனம்தான் என் மனதில் தங்கியது. போகப் போகக் கதையும் அதற்கே ஒத்து ஊதியது. திரும்பி வந்தவன் தன்னுடைய விளக்குக்கே பயந்தான். தங்கச்சி அதைக் கொண்டுவந்து நீட்டியபோது முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒதுங்கினான்.

"பாத்தியா" என்றார் அண்ணா, தன் தீர்ப்பு பலித்த திருப்தியில். "பனிக்குள்ள இருந்த ஏதோ ஒண்டு அவன்ர முகத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கு. அவன் இன்னும் அங்கதான் நிக்கிறான்."

நான் வீட்டுக்குப் போய் அப்பாவைக் கவனிக்கத் தொடங்கினேன். குசினியில் அம்மா காஸ் அடுப்பைப் பற்றவைக்கிற 'டக்' சத்தம் கேட்டால், அவர் கதிரையிலிருந்து எழும்பி வெளியே போய்விடுவார். சாமியறையில் விளக்கு ஏற்றினால் வாசலோடு நின்றுவிடுவார். பொழுதுபடுகிற நேரம் பின்வளவில் கடற்பக்கம் பார்த்தபடி அசையாமல் இருப்பார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மட்டும் தலை மெதுவாக அந்தப் பக்கம் திரும்பும். தாடிக்குக் கீழே, பொத்தானுக்கு மேலே, தெரிகிற கொஞ்சத் தோல் சுருக்கமே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. படம் வரைந்தவர் அந்த இடத்தை வரைந்து முடிக்க மறந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

ஒருநாள் துணிந்து அவருக்கு முன்னால் போய் நின்று, "கரையில் யார்?" என்று கேட்டேன். அப்பாவாக இருந்தால் மறுமொழி தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: என் அப்பா. இவர்தான் அவர் என்றால் அதை யாராவது எனக்கு நிச்சயமாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அப்பா இன்னமும் எங்கோ பனிக்குள் நின்றுகொண்டிருக்கிறார், நாங்கள் வேறு எதற்கோ சோறு போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த நினைப்போடு அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை.

நிச்சயம் செய்துகொள்ள ஒரு வழி இருந்தது. அதை எனக்குக் கற்பித்தது அண்ணா இல்லை, அம்மா. பொழுதுபட்ட பிறகு வெளியே நின்று யார் கூப்பிட்டாலும் முதல்தரம் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. கடலில் செத்துப்போனவை ஒருதரம்தான் கூப்பிடும், இரண்டாந்தரம் கூப்பிட அவற்றுக்கு மூச்சு இல்லை. உயிருள்ள மனிதன் மறுபடியும் கூப்பிடுவான். எங்கள் ஒழுங்கையில் பலருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. பேக்கரிப் பாண் விற்கிறவர் சலித்துக்கொண்டே எல்லா வீட்டிலும் இரண்டுதரம் கூப்பிடுவார்.

மாரி தொடங்கியிருந்தது. ஒரு பின்னேரம் அப்பா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போயிருந்தார். மழை பிடித்துக்கொள்ளவே, அம்மா கேற்றைப் பூட்டி, திறப்பை என்னிடம் தந்துவிட்டு, குடையோடு அவரைக் கூட்டிவர பஸ் தரிப்பிடத்துக்குப் போனார். நான் தனியே இரண்டாம் பாகம் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி உள்ளே நின்று கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறாள். அந்த இடத்தில் கரண்ட் போனது. வெளியே பொழுதும் பட்டுவிட்டது.

அப்போதுதான் கேற்றடியில் கேட்டது.

"பிள்ளை."

அந்தத் தகரச் சத்தம். ஒருதரம்.

நான் இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். மழை மட்டும் கேட்டது. மெல்ல யன்னலுக்குப் போனேன். அவர் இரண்டு கையாலும் கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் வேப்பமரத்தின் கீழ் மான்கள் ஒதுங்கியிருந்தன. எல்லாம் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அவரும் என்னைக் கண்டுவிட்டார். கையைத் தூக்கினார். வாய் திறந்தது, மூடியது. சத்தம் இல்லை.

"கூப்பிடுங்கோ" என்று கண்ணாடிக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தேன். "இன்னொருக்காக் கூப்பிடுங்கோ." அவர் அப்பாவாக இருக்க வேண்டும் என்று நான் அந்த நேரம் ஆசைப்பட்டதுபோல வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. திறப்பு என் கைக்குள் ஈரமாகியிருந்தது. அவர் கம்பியை விட்டார். கேற்றுத் தூணில் முதுகைச் சாய்த்து, அந்த மழைக்குள்ளேயே குந்திவிட்டார்.

அம்மா டோர்ச்சோடு ஓடிவந்தார். வெளிச்சம் பட்டு மான்களின் கண்கள் வரிசையாக எரிந்தன. நான் திறப்பை யன்னலால் எறிந்தேன்.

"ஐயோ, முச்சக்கரவண்டியிலயே வந்தனீங்கள்? நான் அங்க காவல் நிக்கிறன். பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாமே!"

அவர் ஒரு விரலைக் காட்டினார்.

அம்மா நேரே என்னிடம் வந்தார். "ஏன் திறக்கேல்லை?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், முதல் கூப்பிட்டதுக்கு வாய் திறக்கக்கூடாது எண்டு. அவர் ரெண்டாந்தரம் கூப்பிடேல்லை. அவர் அப்பா இல்லை."

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அம்மா விரித்த குடையோடு தரையில் குந்திக்கொண்டு அழத் தொடங்கினார். வாசலில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். தோள் இரண்டும் குலுங்கின. சத்தமே இல்லாததால் அவர் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் பொழுதுபடும் நேரம் கேற்று பூட்டியிருக்கவில்லை. அப்படியிருந்தும் வெளியே போய்வந்த அவர் கேற்றுக்கு அங்கால்தான் நின்றார்.

"பிள்ளை."

நான் விறாந்தையில் அசையாமல் நின்றேன். குசினிக் கதவடியில் அம்மாவும் அப்படியே நின்றார். நெடுநேரம் எதுவும் இல்லை. பிறகு அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. பாதியில் உடைந்து, மிச்சப் பாதி வெறும் காற்றாக வந்தது. நான் ஓடிப்போய்க் கேற்றைத் திறந்து அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அப்பாதான். ரெண்டாந்தரமும் கூப்பிட்டவர்" என்று அண்ணாவிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "சரி. ஆனா டிவியில வாறவன் அவனில்லை" என்றார்.

அன்று தொடங்கி அந்த மாரி முழுவதும் பொழுதுபட்டால் அப்பா கேற்றடியில் நின்று இரண்டுதரம் கூப்பிடுவார். நான் ராசாத்தி மாதிரிக் காத்திருந்து, இரண்டாவதுக்குத் திறந்துவிடுவேன்.

கப்பலின் என்ஜின் அறையில் தீப்பிடித்ததும், அதற்குள்ளிருந்து அப்பா ஒருவர் மட்டும் வெளியே வந்ததும், தொண்டை உட்புறம் வெந்துபோனதால் குரலை எழுப்பவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததும் நான் வளர்ந்த பிறகு தெரியவந்தவை. இரண்டாம் பாகத்தையும் பிறகுதான் முழுதாகப் பார்த்தேன். கடல் இன்னமும் பிளாஸ்டிக்தான். கதை எங்கெங்கோ அலைகிறது. முதலாவதற்குக் கிட்டவும் நிற்காது. வந்தவன் அவனேதான் என்பது கடைசியில் தெரிகிறது. போன இடத்தில் என்ன நடந்தது என்று அவன் கடைசிவரை தங்கச்சிக்குச் சொல்வதே இல்லை. "ஈடில்லை. ஆனாலும் பிள்ளைக்குக் காட்டுங்கோ" என்று அண்ணாவுக்கு எழுதினேன்.

அந்த நாட்களில் அப்பா இரண்டாந்தரம் கூப்பிட்டுவிட்டு உள்ளே வருகையில், அம்மா ஆறின சுடுதண்ணியோடு நிற்பார். அப்பா பின்வளவுக்குப் போய் நெடுநேரம் இருமுவார். பிறகு சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, கஞ்சியை ஒவ்வொரு கரண்டியாகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். கறியில் உறைப்புக் கூடிவிட்டது என்று நான் நினைத்தேன். "அம்மா, நாளைக்குத் தூளைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" என்று பெரிய மனுசி போலப் புத்தி சொன்னேன். அம்மா ஓம் என்றார்.