ஜானகியின் விசில்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் வீட்டோடு இருப்பார்கள். பெங்களூர் ஒக்கலிபுரத்து ஜானகியோ அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தாள். சுற்றுலாக்காரர்களைப் பெங்களூரில் வேன் ஏற்றி, ராஜஸ்தான் வரைக்கும் ரோட்டு வழியாகவே கூட்டிக்கொண்டு போய், உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் என்று கோட்டையும் அரண்மனையும் மணல்மேடும் காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. மற்றவர்களுக்குக் கோட்டைதான் கண்ணில் படும். ஜானகிக்கு அந்தப் 'பத்திரமாக' என்ற ஒரு சொல்தான் நெஞ்சில் முள்ளாக நிற்கும்.

அவள் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். கோட்டை வாசலில் ஆட்கள் சிதறிவிட்டால் மற்ற கைடுகள் தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். ஜானகி விசில் ஊதுவாள். "சரியான பி.டி. டீச்சர்" என்று வேனில் கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். கூப்பிடுவதற்கு அவளிடம் குரல் இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் குரல் போன கதை தொண்ணூற்றொன்று டிசம்பர். காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றி எரிந்த வாரம் அது. எதிர்வீட்டுக் கிருஷ்ணப்பா கன்னடக்காரர், தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அவர்தான் ஜானகியையும் அவள் மகள் மமதாவையும் இழுத்துக்கொண்டு போய்த் தம் வீட்டுப் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தார். வெளியே சந்தில் ஆம்பளைகளின் சத்தம். எங்கிருந்தோ விசில் அடித்துக்கொண்டு ஒரு கும்பல் வந்தது. தமிழர் வீடு எது என்று கேட்டார்கள். கிருஷ்ணப்பா வாசலில் நின்று, இங்கே யாரும் இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நாலு வயது மமதா "அம்மா, தண்ணி" என்று வாயைத் திறந்தாள். ஜானகி அவள் வாயைப் பொத்தினாள். பெருவிரல் குழந்தையின் கன்னத்தில் புதைந்தது. காலடிச் சத்தம் ஓய்கிறவரை கையை எடுக்கவில்லை. அந்தத் தடம் கன்னத்தை விட்டுப் போக ரெண்டு மூணு நாள் ஆயிற்று.

புருஷனின் ஆட்டோ அந்த வாரம் எரிந்தது. மனசு விட்டுப்போன அவனும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தான். ஜானகி ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டீ கொடுக்கச் சேர்ந்தாள். கன்னடமும், பக்கத்து வீட்டுப் பாய் குடும்பத்திடம் பழகிய உருதுவும் நாக்கில் புரண்டதால் மெல்ல மெல்ல கைடு ஆனாள். வாசல்படி தாண்டினால் கன்னடம், வீட்டுக்குள் மட்டும் தமிழ், அதுவும் கிசுகிசுப்பாக. மமதாவுக்கும் அதையே பழக்கினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கிருஷ்ணப்பா கூடச் சிரிப்பார். சொல்லிவிட்டுப் போகட்டும், மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அவரில்லையே.

தொண்ணூற்றெட்டு மார்கழியில் கிளம்பிய வேனில் பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள். அவர்களில் மல்லேஸ்வரத்து சேஷகிரியும் அவர் மனைவி ருக்மிணியும் தமிழர்கள். சேஷகிரியின் அப்பா மைசூர் ராஜா காலத்து அரசாங்க உத்தியோகஸ்தர். தாங்கள் தமிழர்கள் என்பதை அவர்கள் ஒளிக்கவுமில்லை, பெரிதுபடுத்தவுமில்லை. ஜானகி அவர்களிடமும் கன்னடத்திலேயே பேசினாள். டிரைவர் முனியப்பன் எல்லையோரத்து அத்திபெலேக்காரன், தமிழ் தெரிந்தவன். அவனும் அவளும் தனியாக இருக்கும்போது மட்டும் தமிழ்.

முதல் நாளே ஒரு சிக்கல். வேனில் ஏறியவர்களை ஜானகி விரல் நீட்டி எண்ண, ஓர் அம்மாள் முகத்தைச் சுளித்தாள். மனுஷர்களைத் தலை எண்ணினால் கண் படும், ஆகாது என்றாள். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். சரி என்று ஜானகி வேறு வழி கண்டுபிடித்தாள். வேனிலேயே அடுப்பும் பாத்திரமும் வரும். சமையல்காரர் தனக்கோடி ரோட்டோரத்தில் சாம்பார் சாதம் போடுவார். ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு. சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை எண்ணுவாள். தட்டு சரியாக இருந்தால் ஆள் சரி. சோற்றை விட்டுவிட்டு எவன் எங்கே போய்விடப் போகிறான்?

ஜெய்சல்மேரைத் தாண்டி மணல்மேடுகளுக்குப் போன அன்று வைகுண்ட ஏகாதசி. ருக்மிணியம்மாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. பன்னிரண்டு பேர் வண்டியில் அன்றைக்குப் பதினோரு தட்டுதான் வெளியே வரும் என்று காலையிலேயே ஜானகி மனதில் குறித்துக்கொண்டாள்.

சூரியன் விழுவதை எல்லோரும் பார்த்தார்கள். ஒட்டகக்காரர்கள் பாட்டுப் பாடினார்கள். தனக்கோடி சுடச்சுட உப்புமா போட்டார். பதினோரு தட்டு போயிற்று, பதினோரு தட்டு திரும்பி வந்தது. ஜானகி விசில் ஊதினாள். "ஹோகோணா, அக்கா?" என்று முனியப்பன் கேட்க, அவளும் போகலாம் என்று தலையாட்டினாள். குளிருக்குப் பயந்து எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டார்கள். வழக்கம்போல ஆண்கள் முன்பக்கம், பெண்கள் பின்பக்கம். கடைசி சீட்டில் சால்வை மூடிய ஓர் உருவம் சாய்ந்திருந்தது.

பாதி வழியில் டீக்கடை வெளிச்சம் கண்டு வண்டி நின்றது. சேஷகிரி திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்.

"ருக்மிணிக்குப் பிரஷர் மாத்திரை போடணும். விரதமானாலும் அதை விடப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சித்த எழுப்பறேளா?"

ஜானகி கடைசி சீட்டுக்குப் போய்ச் சால்வையைத் தொட்டாள். உள்ளே தலையணை இருந்தது.

ஜானகி ஒவ்வொரு சீட்டாகத் தடவிப் பார்த்தாள். எண்ணிப் பார்த்தாளே, சரியாகத்தானே இருந்தது! சாப்பிடாதவளைச் சாப்பாட்டுத் தட்டில் எண்ணியிருக்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அறுபத்தெட்டு வயசு, ரத்தக்கொதிப்பு, காலையிலிருந்து வெறும் வயிறு, விடியற்காலையில் தண்ணீர் உறையும் குளிர். சேஷகிரி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜானகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அவளை விட்டா யாரும்மா இருக்கா?" என்றார். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

வண்டி திரும்பியது. மணல்மேட்டில் ஈ காக்கை இல்லை. ஒட்டகங்கள் போய்விட்டன. ஏகாதசி நிலா காய்ந்துகொண்டிருந்தது. மேடெல்லாம் வெளிச்சம், பள்ளமெல்லாம் கன்னங்கரேல் என்று இருட்டு. எந்த மேடும் மற்ற மேட்டைப் போலவேதான் இருந்தது. ஜானகி விசிலை ஊதினாள், உதடு வெடிக்க ஊதினாள். தூரத்தில் எவனோ காவல்காரன் பதிலுக்கு விசில் அடித்தான். முனியப்பனும் தனக்கோடியும் "அம்மாவ்ரே! அம்மாவ்ரே!" என்று கன்னடத்தில் அடித்தொண்டையில் கத்தினார்கள். டார்ச் அடித்தார்கள். மணல் வாயைத் திறக்கவில்லை.

"இந்நேரத்துக்கு ஒரு சத்தமாவது குடுக்கணுமேக்கா" என்றான் முனியப்பன். "ஏதாச்சும் ஆயிருக்குமா?"

ஜானகி மறுபடி விசிலை வாயில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். இருட்டில் ஆம்பளைகளின் கத்தல். விசில் சத்தம். காலடிகள் நெருங்கி வருகின்றன. மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு இதெல்லாம் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அப்படி உட்கார்ந்திருப்பவள் பதில் குரல் கொடுப்பாளா, மூச்சைப் பிடித்துக்கொள்வாளா?

"நீங்க ரெண்டு பேரும் கத்தாதீங்க. டார்ச்சை அணைங்க" என்றாள். விசிலைக் கழற்றி முனியப்பன் கையில் திணித்தாள்.

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். பூனைக்குட்டி போல ஒரு முனகல். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எந்தச் சந்தில் எவன் கேட்டுவிடுவானோ என்று ஏழு வருஷமாக அடைத்துக் கிடந்த தொண்டை அது. இங்கே சந்தும் இல்லை, எவனும் இல்லை. சேஷகிரி தன் கையைப் பிடித்தது ஞாபகத்துக்கு வந்தது.

"ருக்மிணியம்மா!" என்று அலறினாள். "ருக்மிணியம்மா! நான் ஜானகி! பொம்பளதாம்மா, பயப்படாதீங்க! எங்க இருக்கீங்க?"

பயத்தில் வந்தது அத்தனையும் தமிழ். நிறுத்தத் தெரியாமல் கூப்பிட்டாள். மேடு மேடாக ஓடிக் கூப்பிட்டாள். நாலாவதோ ஐந்தாவதோ மேட்டுக்கு அந்தப்பக்கப் பள்ளத்திலிருந்து, "இங்கே இருக்கேண்டீம்மா" என்று ஒரு குரல் கேட்டது.

மறைவாக ஒதுங்கப் போயிருக்கிறாள். திரும்பும்போது திசை தப்பி, சறுக்கி விழுந்து, கணுக்கால் பிசகிவிட்டது. "விசில் அடிச்சுண்டு யாரோ தடியன்கள் வரா மாதிரி இருந்தது, என்ன கத்தறான்னு பள்ளத்துக்குள்ளே புரியலே. கழுத்துல சங்கிலி வேற. வாயைப் பொத்திண்டு கெடந்தேன்" என்றாள். உடம்பு ஐஸாகச் சில்லிட்டிருந்தது. ஜானகி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். முதுகில் சுமந்துகொண்டு முனியப்பன் நடந்தபோது அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "நீ தமிழா? இத்தனை நாளா ஏன் சொல்லலே?" என்றாள்.

பெங்களூர் திரும்பும்வரை அவள் தட்டை எண்ணவில்லை, தலையைத்தான் எண்ணினாள். முகம் சுளித்தவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். விசில் முனியப்பனிடமே இருந்தது.

வேன் ஒக்கலிபுரம் முனையில் அவளை இறக்கிவிட்டபோது காலை வேளை. கிருஷ்ணப்பாவின் கடை வாசலில் மமதா ஸ்கூல் யூனிபார்மில் நின்றிருந்தாள். அவளுக்கு இப்போது பதினோரு வயது. ஜானகி ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே கையை வீசினாள்.

"மமதா! ஏய் கண்ணு! அம்மா வந்துட்டேன்டீ!"

பூக்காரி ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் முழத்தை அளந்தாள். பால்காரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். கிருஷ்ணப்பா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஜானகிக்கு நெஞ்சு லேசாகி, இன்னொரு தடவையும் கூப்பிட்டாள்.

மமதா பையைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். கட்டிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று ஜானகி கைகளை விரித்தாள்.

எம்பி நின்று மமதா அம்மாவின் வாயைப் பொத்தினாள். வெளிறிப்போன முகத்தோடு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, "மெதுவாம்மா, யாராவது கேட்டுடுவாங்க" என்று கிசுகிசுத்தாள். அவள் பெருவிரல் ஜானகியின் கன்னத்தில் புதைந்திருந்தது.